பேர் போட்டது நான்தான்

அண்ணாச்சி, அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடறீங்களா? வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது. ஆங், போதும் போதும். நீங்களும் கோவில்பட்டிதானே? டிக்கெட் எடுக்கும்போது காதுல விழுந்துச்சு. அங்க பொன்மலர் நகர்னு ஒண்ணு இருக்காமே, பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆட்டோ பிடிக்கணுமா, நடந்தே போயிடலாமா?

அட, நீங்களே பொன்மலர் நகரா! நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளர் வேறயா! இது போதும் எனக்கு. மதுரையில பஸ் ஏறும்போதே மனசு சரியில்ல, போற காரியம் என்ன ஆகுமோன்னு. உங்களைப் பாத்ததும் கொஞ்சம் தெம்பு வந்திருக்கு.

நானா? ஆவுடையப்பன். முனைவர் ஆவுடையப்பன். மதுரையில ஒரு காலேஜ்ல தமிழ்த்துறை. தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி, இதெல்லாம்தான் நம்ம ஆராய்ச்சி. அதுலயும் ஒப்பாரின்னா ஊர் ஊராப் போய் உக்காந்திருக்கேன். என் பெண்டாட்டி சொல்லுவா, கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டீங்க, சாவு வீடுன்னா செருப்பை மாட்டிருவீங்கன்னு.

யாரைப் பாக்கப் போறேன்னு கேக்கறீங்களா? சொல்றேன். சொல்லாம எனக்கும் நெஞ்சு ஆறாது. ஆனா முதல்ல இருந்து சொல்லணும், அப்பத்தான் என் பக்கத்து நியாயம் புரியும். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பு பண்ணேன்னு.

வெளிநாட்டுல ஒரு பெரிய யுனிவர்சிட்டி. எது என்னன்னு வேண்டாம். அங்க இருந்து எலினான்னு ஒரு புரொபசர் மேடம் வந்தாங்க. நம்ம பக்கத்து ஜனங்களோட பாட்டையெல்லாம் ரெக்கார்ட் பண்ணி இன்டர்நெட்ல ஏத்தி வைக்கற திட்டம். நூலகம் மாதிரி, ஆனா கட்டடம் கிடையாது. போன் இருக்கறவன் எவனும் திறந்து கேக்கலாம், காசு கிடையாது, காவல் கிடையாது.

இதுல முக்கியமா ஒரு விஷயம் சொன்னாங்க. காலனிய நீக்கம். புரியலையா? வெள்ளைக்காரன் போயிட்டான். ஆனா நாம யோசிக்கற விதத்துல, ஒரு பொருளைப் பேர் வச்சு அடுக்கற விதத்துல, அவன் இன்னும் சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். அவனைக் கையைப் பிடிச்சு எழுப்பி விடணும். அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் நம்ம ஊர்ல பாட்டுப் பதிவு பண்ணிட்டுப் போயிருக்கான். எலினா மேடம் எங்களுக்கு ஒண்ணு போட்டுக் காட்டினாங்க. கரகரன்னு ஒரு பொம்பளைக் குரல். கீழ என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'பெண், தென்னிந்தியா.' அவ்வளவுதான். பேர் இல்ல, ஊர் இல்ல. அதைப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அன்னைக்கே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். நான் பதிவு பண்றதுல ஒருத்தி பேரும் விட்டுப் போகாது. பேர், ஊர், தெரு, சமூகம், எல்லாம் போடுவேன். இதுதானே அண்ணாச்சி மரியாதை?

நீங்க தலையாட்டறீங்க. உங்களுக்குப் புரியுது. படிச்சவனுக்குப் புரிய மாட்டேங்குது.

சரி, அப்புறம் நடந்ததைக் கேளுங்க. விருதுநகர் பக்கம் ஒரு ஊரு. மெயின் ரோட்டுல இருந்து உள்ள போகணும். ஊரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, கிழக்க ஒரு காலனி. அங்க சீனியம்மான்னு ஒரு கிழவி. ஒப்பாரியில அதை மிஞ்ச ஆளே கிடையாது. மேல் வீட்டுச் சாவுக்கெல்லாம் அதைத்தான் கூப்பிடுவாங்க, வாசல்ல நின்னு பாடிட்டுப் போகும். நான் போய் வீட்டுல உக்காந்து, பாடு ஆத்தான்னு கேக்கறேன், மாட்டேங்குது. சாவு விழாத வீட்டுல ஒப்பாரி பாடக் கூடாதாம். பாடுனா சாவைக் கூப்பிட்ட மாதிரியாம். இது எல்லா ஊர்லயும் உள்ளதுதான், எனக்கும் தெரியும். சரின்னு மைக்கைத் தூக்கிக்கிட்டு கண்மாய்க் கரைக்குப் போனோம்.

அங்க வச்சு என்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டுச்சு பாருங்க. "சார், இங்கன பாடுறேன், சரி. நீங்க போன்ல போட்டு விட்டா அது வீட்டுக்குள்ள கேக்குமே? அது தப்பில்லையா?"

ஆடிப் போயிட்டேன். எந்த ஆராய்ச்சியாளனும் யோசிக்காத விஷயம். உடனே எலினா மேடத்துக்கு எழுதினேன். பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை வர்ற மாதிரி பண்ணினோம். 'இது ஒப்பாரிப் பாட்டு. வீட்டுக்குள் வைத்துக் கேட்க வேண்டாம். வெளியே வந்து கேளுங்கள்.' இதைப் பத்தி நான் மாநாட்டுல பேசினப்ப எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க, அண்ணாச்சி. ஜனங்களோட வழக்கத்தை ஜனங்க சொன்னபடி மதிக்கறதுன்னா இதுதான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து கையைக் குலுக்கிட்டுப் போனாரு.

இன்னொண்ணும் கேட்டுச்சு. "உலகம் பூராக் கேக்கும்கிறீகளே, நம்ம பக்கத்துல யாரும் கேக்க மாட்டாகள்ல?" எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம ஆளுங்க எங்க ஆத்தா இதையெல்லாம் கேக்கப் போறாங்கன்னேன். "அப்பச் சரி"ன்னு பாட ஆரம்பிச்சுருச்சு. வெகுளி.

சாத்தூர் வந்துருச்சா? இருங்க, சேவு வாங்கிக்கறேன். இந்தாங்க, எடுத்துக்கங்க. காரச் சேவுதான். கூச்சப்படாதீங்க, என் மனக்குறையைக் காது கொடுத்துக் கேக்கறீங்க, ஒரு சேவு கொடுக்கக் கூடாதா.

பாட்டு அதோட புருஷன் செத்ததுக்குப் பாடினது. கொத்தனாருக்குக் கையாளா மண்ணு சுமந்த ஆளு. ஏதோ மாடி வீடு கட்டும்போது சாரத்துல இருந்து விழுந்துட்டான். பாட்டை எழுதி எடுத்தது என் ஸ்டூடண்ட் ஒரு பொண்ணு. ராத்திரி பகலாக் கேட்டுக் கேட்டு எழுதினா. அவ பேரா? அது எதுக்கு, என் ஸ்டூடண்ட்தானே. விளக்கக் குறிப்பு முழுக்க நான் போட்டது. அதுலதான் நம்ம கை தெரியும். பாட்டுல ஒரு பேர் வந்தா அது யாரு, ஒரு இடம் வந்தா அது எது, ஒண்ணு விட மாட்டேன். மகளைப் பத்திப் பாட்டுல ஒரு வரி வருது. கீழ ஒரு குறிப்பு போட்டேன். மகள் இன்னார், நர்ஸுக்குப் படிச்சு இப்ப இந்த ஊர்ல இந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்கன்னு. பெருமைதானே? கண்மாய்க் கரையில ஆரம்பிச்ச பாட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து நிக்குது!

இப்ப என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. வெப்சைட் வந்துச்சு. திறந்து பாக்கறேன். 'எங்களைப் பற்றி'ன்னு ஒரு பக்கம். எலினா மேடம் போட்டோ, அவங்க ஆளுங்க போட்டோ, கம்ப்யூட்டர்காரன் போட்டோ. என் பேரைத் தேடறேன், தேடறேன். கடைசியில அடியில பொடி எழுத்துல, 'உள்ளூர் கள உதவி: மதுரை நண்பர்கள்.' நண்பர்கள்! என்னைப் பேர் இல்லாத ஆளாக்கிட்டாங்க அண்ணாச்சி. 'பெண், தென்னிந்தியா'ன்னு எழுதினவனுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வாரம் சோறு இறங்கலை. நான் தெரு நாய் மாதிரி அலைஞ்சது, சாவு வீட்டு வாசல்ல உக்காந்தது, எல்லாம் இந்த 'நண்பர்கள்'ல அடங்கிப் போச்சு. எழுதிக் கேட்டேன். பாக்கறோம்னாங்க. பாத்துக்கிட்டே இருக்காங்க.

ஆனா ஒண்ணு மட்டும் என் கையில இருக்கு. பதிவை ஏத்தறதும் திருத்தறதும் எடுக்கறதும் நான்தான். பாஸ்வேர்டு என்கிட்ட. அதுல மட்டும் யாரும் கை வைக்க முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பொண்ணுகிட்ட இருந்து கடுதாசி. ஈமெயில்தான். சீனியம்மா மக. பேரு வேண்டாம், அந்தப் பொண்ணு பேரைச் சொல்லக் கூடாதுன்னுதானே இவ்வளவு ரகளை. என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? மனப்பாடமே ஆயிருச்சு எனக்கு. 'ஐயா, அம்மா பாட்டு இருக்கட்டும். அம்மா பேரு, ஊரு, எங்க சாதி, என்னைப் பத்தி எழுதினது, இதை மட்டும் எடுத்துடுங்க. நான் இங்க வாடகை வீட்டுல இருக்கேன். எந்தத் தெருன்னு கேட்டுக் கேட்டுத்தான் வீடு கொடுக்கறாங்க. பல வீடு ஏறி இறங்கி இது கிடைச்சது. எம் பையன் இப்பத்தான் தெருப் பிள்ளைங்களோட சேர்ந்து விளையாடறான். தயவு செஞ்சு எடுத்துடுங்க.'

படிச்சதும் எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொல்லலை. ஆனா அண்ணாச்சி, இது என்ன? தாழ்வு மனப்பான்மை. படிச்சு வேலைக்கு வந்த பொண்ணு நெஞ்சை நிமித்தி, ஆமா, நான் இன்னார் மகதான்னு சொல்ல வேண்டாமா? இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு இருந்தா எப்ப மாறுறது? பேரை எடுத்துட்டு நான் என்ன எழுதட்டும்? 'பெண், தென்னிந்தியா'ன்னா? அப்ப நானும் வெள்ளைக்காரனும் ஒண்ணாயிட மாட்டோமா? இதைத்தான் நான் பதிலா எழுதினேன். விளக்கமா, மேற்கோளெல்லாம் காட்டி எழுதினேன். அதுக்குப் பதிலே இல்ல. நேரா எலினா மேடத்துக்கு எழுதிருச்சு அந்தப் பொண்ணு.

மேடம் என்னைக் கம்ப்யூட்டர்ல கூப்பிட்டு, உடனே எடுத்துடுங்கன்னாங்க. எடுக்க மாட்டேன்னேன். ஆமா, சொன்னேன்! நீங்கதானே சொன்னீங்க, அதிகாரத்தை மக்கள் கையில கொடுக்கணும்னு? இப்ப வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு எங்க மக்களோட குரலை எடு, வைன்னு உத்தரவு போடறீங்களேன்னு கேட்டேன். அந்த மீட்டிங்ல மக்கள்னு இருந்தது நான் ஒருத்தன்தானே அண்ணாச்சி?

கடைசியில ஒரு முடிவுக்கு வந்தாங்க. அந்தப் பொண்ணு மனசு மாறி, இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொன்னா இருக்கலாம். இல்லேன்னா திங்கட்கிழமை அவங்களே ஆள் வச்சு எடுத்துடுவாங்களாம், பாஸ்வேர்டையும் மாத்திடுவாங்களாம். அதான் கிளம்பிட்டேன். போன் பண்ணா அந்தப் பொண்ணு எடுக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு, இந்த மாதிரி அவங்க அம்மா பாடுன ஒப்பாரி விஷயமா பாக்கணும்னு சொன்னேன். ரிசப்ஷன் பொண்ணு ஆர்வமாக் கேட்டுக்கிட்டு அட்ரஸ் கொடுத்துச்சு. பொன்மலர் நகர், மூணாவது தெரு, மாடி வீடு.

என்ன, உங்களுக்குத் தெரியுமா? யோசிக்கறீங்க. சரி, பாட்டைக் கேளுங்க, கேட்டாத்தான் நான் ஏன் இவ்வளவு அடிச்சுக்கறேன்னு புரியும். பஸ்தானே, வீடு இல்லையே. போடலாம், தப்பில்ல. சத்தமா வைக்கறேன், இல்லேன்னா இன்ஜின் இரைச்சல்ல கேக்காது.

*மாடி வீடு கட்டையில மண்ணு சொமந்தீக,*
*மாடி ஏற விட்டாகளா எஞ் சாமி?*
*வெள்ள உடுப்பு மாட்டி நம்ம சிந்தாமணி வருவா,*
*வெளக்கேத்தி வச்சிருக்கேன் யாருகிட்டக் காட்டுவேன்?*

பாத்தீங்களா, முன் சீட்டு அம்மா திரும்பிப் பாக்கறாங்க. யாருக்கும் உடம்பு சிலிர்த்துரும். கண்மாய்க் கரையில வச்சு இதைக் கேட்டப்ப நான் அழுதுட்டேன் அண்ணாச்சி. வெக்கமில்லாம அழுதேன். எங்க அப்பா சாவுக்குக்கூட எனக்கு அப்படி அழுகை வரலை. இதுக்கு நான் போட்ட குறிப்பை எடுன்னா எப்படி எடுப்பேன்? அது போச்சுன்னா நான் பண்ணதுல வேற என்ன இருக்கு?

ஆமா, சிந்தாமணி. பாட்டுலயே வந்துருச்சு, இனி மறைச்சு என்ன. ஆமா, நர்ஸ்தான். ஒரு பையன். உங்களுக்கு நல்லாத் தெரியுமா? உங்க வீட்டம்மாவுக்கு வாராவாரம் பிரஷர் பாக்கறது அந்தப் பொண்ணுதானா? பாருங்க, உலகம் எவ்வளவு சின்னது! நான் நினைச்சது சரிதான். நல்ல பொண்ணு, எல்லாரோடயும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. பின்ன என்ன பயம்?

என்ன ஆளுங்கன்னு கேக்கறீங்களா? இப்படி நேரடியாக் கேட்டா எப்படி அண்ணாச்சி. மெதுவாப் பேசுங்க. நாலு பேர் இருக்கற இடத்துல இதையெல்லாம் சத்தமாச் சொல்ல முடியுமா? வாயால சொல்றதுக்கு எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. இந்தாங்க, நீங்களே படிச்சுக்கங்க. இங்க பாருங்க, 'சமூகம்'னு இருக்குல்ல, அதுக்கு நேரா. பக்கத்துல இருக்கற மேப்பை அமுக்கினா வீடே தெரியும். ஓடை, அதுக்குக் கிழக்க காலனி. இந்தப் புள்ளிதான் சீனியம்மா வீடு. எல்லாம் நான் போட்டது.

ஏன் அண்ணாச்சி, சேவை எடுத்துக்கலையா? கீழ வச்சுட்டீங்க.

என்ன சொல்றீங்க? உங்க நகர்ப் பிள்ளையார் கோயில் விளக்குப் பூஜையில உக்காந்துச்சா? நல்ல விஷயம்தானே. 'வெளக்கேத்தி வச்சிருக்கேன்'னு தாய் பாடுது, மக விளக்குப் பூஜையில உக்காருது. அடடா, இது எனக்குத் தெரியாமப் போச்சே. இதையும் குறிப்புல சேத்துடலாம்.

இல்ல, இல்ல, நீங்க எதுக்குக் கோபப்படணும்? சொல்லாம மறைச்சுட்டாங்கறீங்க. அதைத்தான் நானும் சொல்றேன், மறைக்கக் கூடாதுன்னு! நாம ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணுதானே? ஒண்ணுதானே அண்ணாச்சி?

யாருக்குப் போன்? அந்த வீட்டு ஓனருக்கா? நான் வர்றேன்னு சொல்லி வைக்கறீங்களா, ரொம்ப நன்றி. 'மாமா, இன்னைக்கே பேசி முடிச்சிரணும்'னு சொன்னீங்களே, எதைப் பேசி முடிக்கணும்? அதுக்கு முன்னாடி நான் அந்தப் பொண்ணைப் பாத்துடறேனே. அதோட பையன் ஸ்கூல் விட்டு வர்ற நேரம். நான் நல்லபடியாத்தான் பேசப் போறேன். பெருமையா இரும்மா, பயப்படாதேன்னு சொல்லத்தான் போறேன்.

எனக்கும் இந்தச் சேவு வேண்டாம், மடிச்சு வச்சுடறேன். எண்ணெய் பழசு.

இப்பக்கூட எடுத்துடலாம்தான். பாஸ்வேர்டு இதோ, இந்தப் போன்லயே இருக்கு. அந்தப் பேரையும் அந்தக் குறிப்பையும் அழிக்க எவ்வளவு நேரம் ஆகப் போகுது. ஆனா நீங்கதான் படிச்சுட்டீங்களே. இனி எடுத்து என்ன பிரயோஜனம்? அதுவும் இல்லாம, எடுத்துட்டா நான் தப்புப் பண்ணேன்னு ஆயிடும். நான் என்ன தப்பு பண்ணேன்? நீங்களே சொல்லுங்க.

லிங்க்கா? உங்க நகர் வாட்ஸ்அப் குரூப்புக்கா?

அனுப்பறேன். அனுப்பாம என்ன. இத்தனை நாள்ல எவனும் இதை என்கிட்டக் கேட்டு வாங்கினதில்ல. என் காலேஜ்ல ஒருத்தன் கேக்கலை. நீங்கதான் முதல் ஆளு. நம்பர் சொல்லுங்க. ம். ம். போயிருச்சு பாருங்க, ரெண்டு டிக் வந்துருச்சு. என் பேரைத் தேடாதீங்க, அதுல இருக்காது. சீனியம்மா பேரு இருக்கும், சிந்தாமணி பேரு இருக்கும். பேர் போட்டது நான்தான்.

ஆனா ஒண்ணு அண்ணாச்சி. இதை மட்டும் குரூப்ல சேத்து எழுதிடுங்க, இது அந்தக் கிழவி என்கிட்டக் கேட்டுக்கிட்டது. யாரும் வீட்டுக்குள்ள வச்சு இதைப் போடக் கூடாது. எல்லாரையும் வெளிய வந்து, தெருவுல நின்னு கேக்கச் சொல்லுங்க.